நான்காம் போர்டுக்கு ஒரு பிழைதிருத்தல்

ஜனவரி 7, ஞாயிறு

இந்த வருடமும் முதல் போர்டில் நான்தான் ஆடுகிறேன். இதை எழுதவேண்டிய அவசியமே இல்லை, பத்தொன்பது வருடமாக அப்படித்தான். ஆனால் இன்றைக்கு அதற்கென்று ஒரு கூட்டம் போட்டுப் பேசிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

கழுகுமலை ரோடு செஸ் கிளப் என்றால் நூல்கடை மாடியில் நாலு மேசை, எட்டு நாற்காலி, கிறீச்சிடும் ஒரு காற்றாடி. சங்கரன்கோவிலில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. லீக்கில் எட்டு ஊர் அணிகள், அணிக்கு நாலு பேர், ஏழு சுற்று. யார் எந்த போர்டு என்று ஜனவரியில் எழுதிக் கொடுத்துவிட்டால் சீசன் முடியும்வரை மாற்ற முடியாது. முதல் போர்டுக்காரன் எதிரணியின் முதல் போர்டோடு மோதவேண்டும், நாலாம் போர்டு நாலாம் போர்டோடு. கடைசி இடத்துக்கு வருகிற அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். ஆறு சுற்று முடிந்ததும் ஒவ்வொரு போர்டிலும் அதிகப் புள்ளி வைத்திருப்பவரை மண்டல அணியில் சேர்த்து மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். இந்த முறை முதல் போர்டில் அந்த இடத்தை நான் விடுவதாக இல்லை.

சாகுல் பாய் பேக்கரி வைத்திருக்கிறவர். கூட்டத்துக்கு ஒரு டப்பா ரஸ்க் கொண்டுவந்தார், கூடவே இந்த வம்பையும் கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி, போன வருசம் ஜெஸிந்தா பிள்ளை ஏழுக்கு ஆறு எடுத்துச்சில்லா. இந்தத் தடவ அத முதல் போர்டுல வச்சுப் பாப்போமா?"

பேச்சிமுத்து தறி ஓட்டுகிறவன். இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டான். அவனும் தலையை ஆட்டினான். ஜெஸிந்தா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. ரஸ்க்கை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்கவேண்டியதுதானே? நானும் முடியாது என்று சொல்லியிருப்பேன்.

"பாய், நாலாம் போர்டுல யாரு உக்காந்தாலும் ஆறு எடுக்கலாம். ஒம்ம கடையில மாவு பெசையுதவன் வந்தாலும் எடுப்பான்" என்றேன்.

பட்டியலை நானே எழுதினேன். முதல் போர்டு கோமதிநாயகம், இரண்டு சாகுல், மூன்று பேச்சிமுத்து, நாலு ஜெஸிந்தா. என் எழுத்து மணி மணியாக இருக்கும். இருபத்தேழு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். என் பத்திரம் என்றால் கட்சிக்காரர்கள் வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்கள். நான் எழுதியதில் பிழை என்று இன்றுவரை ஒருவரும் பிழைதிருத்தல் பத்திரம் போட்டதில்லை. இவர்கள் எனக்கு வரிசை எழுதச் சொல்லித் தருகிறார்கள்!

ஜனவரி 14, ஞாயிறு

முதல் சுற்று, ராஜபாளையத்தில். 2–2.

என் மேசைக்கு மேலே மட்டும் டியூப்லைட் இமைத்துக்கொண்டே இருந்தது. இருபத்தெட்டாவது நகர்த்தலில் குதிரை போயிற்று. வெளிச்சம் ஒழுங்காக இருந்திருந்தால் போயிருக்காது. நடுவரிடம் சொன்னேன், அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். பேச்சிமுத்து நாற்காலி ஆடுகிறது என்று முனகினான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். சாகுலும் அவனும் டிரா. ஜெஸிந்தா ஜெயித்தாள். எதிரே ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், பாவம், தூங்கி வழிந்தார்.

வீட்டில் வெள்ளையடிப்பு பாதியில் நிற்கிறது. நாளைக்குப் பொங்கல். நான் கரும்பு வாங்க மறந்துவிட்டேன் என்று என் வீட்டுக்காரி வடிவு சொல்கிறாள். நான் மறக்கவில்லை. அவள் ஞாபகப்படுத்தவில்லை.

ஜனவரி 15, திங்கள்

கரும்பு கிடைத்தது. எல்லாம் நுனிக் கரும்பு. எவனும் யோக்கியன் இல்லை.

ஜனவரி 28, ஞாயிறு

தென்காசி. 1½–2½, தோல்வி. எனக்கு எதிரே உட்கார்ந்தவன் மூன்று மணி நேரமும் தைலத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். மூக்கடைப்புக்காரனை எல்லாம் எதற்கு ஆடவிடுகிறார்கள்? என் யானை ஒரு ஓரத்தில் மாட்டிக்கொண்டது. பேச்சிமுத்துவும் தோற்றான், சாகுல் டிரா, ஜெஸிந்தா ஜெயித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சாகுல், "நாலாம் போர்டு மட்டும் இல்லன்னா நம்ம கதி என்ன?" என்று பொதுவாகச் சொன்னார். பொதுவாகச் சொல்வதெல்லாம் யாருக்குச் சொல்வது என்று எனக்குத் தெரியாதா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியும் உடைந்திருந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

மூன்றாம் சுற்று, நம் ஊரில். கோவில்பட்டி அணி வந்தது. 2½–1½, ஜெயித்தோம். ஆனால் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

கோவில்பட்டி கேப்டன் ஞானதுரைதான் அவர்களுக்கு முதல் போர்டு. தீப்பெட்டி ஆபீஸில் ஃபோர்மேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, எப்போதும் ஒரு சிரிப்பு. தலைக்கு மேல் நம் காற்றாடி கிறீச் கிறீச் என்று கத்துகிறது, அந்தச் சத்தத்தில் எவன் யோசிக்க முடியும்? அவர் யோசித்தார். முப்பத்தோராவது நகர்த்தலில் என் ராணியை மாட்டிவைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். முடிந்ததும் "நல்லா ஆடுனிய" என்று கைகொடுத்தார். தோற்றவனிடம் நல்லா ஆடினீர்கள் என்பதைவிட வேறு அவமானம் உண்டா?

சாகுல் டிரா. பேச்சிமுத்து ஜெயித்தான். கடைசியாக ஜெஸிந்தா கறுப்புக் காய்களில் ஜெயித்தாள்.

சொந்த ஊரில் ஆட்டம் நடந்தால் முடிவுச் சீட்டை எழுதுவது அந்த ஊர்க் கேப்டனின் வேலை. எழுதினேன். கூட்டுத்தொகை போடவில்லை, கூட்டுவது லீக் செயலாளர் வேலை. நான் எழுதும்போது ஜெஸிந்தா பக்கத்தில் வந்து நின்று, சீட்டின்மேல் விரலை நீட்டி ஏதோ சொல்ல வந்தாள். கோவில்பட்டிக்காரர்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "ஆட்டம் முடிஞ்சவங்க வெளிய போய் நிக்கணும்" என்று ஒரு சத்தம் போட்டேன். போய்விட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன், ஞானதுரை போட்டார். ஆள் ஜெயித்த மிதப்பில் சீட்டைப் பார்க்கக்கூட இல்லை.

பிப்ரவரி 12, திங்கள்

ஒரு கட்சிக்காரர் பிழைதிருத்தல் எழுத வந்தார். வேறு யாரோ எழுதிய கிரயப் பத்திரம். கிழக்கே இருக்கிற கிணற்றை மேற்கே எழுதிவைத்திருக்கிறான். எழுதினவன் எழுதியதை ஒருதடவை வாசித்தால் என்ன கை முறிந்தா போகும்? இப்படிப்பட்டவர்களிடம் பேனாவைக் கொடுக்கக் கூடாது.

பிப்ரவரி 25, ஞாயிறு

தூத்துக்குடி. 1½–2½. முதல் போர்டில் டிரா செய்திருக்கிறேன். இதை யாரும் பாராட்டவில்லை. சாகுலும் பேச்சிமுத்துவும் தோற்றார்கள். ஜெஸிந்தாவுக்கு நாலுக்கு நாலு. அவளுக்கு மட்டும் எல்லாரும் கைதட்டினார்கள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

அயோக்கியத்தனம். அயோக்கியத்தனம். அயோக்கியத்தனம்.

லீக் புள்ளிப் பட்டியல் இன்றைக்கு வாட்ஸப்பில் வந்தது. கோவில்பட்டியோடு நாம் ஆடியது 1½–2½ தோல்வி என்று போட்டிருக்கிறார்கள். ஜெயித்த ஆட்டம்! ஜெஸிந்தாவுக்கு நாலுக்கு மூன்று என்று போட்டிருக்கிறார்கள். நாம் கடைசி இடத்தில் நிற்கிறோம்.

செயலாளருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "சீட்டுல அப்பிடித்தான் இருக்கு சார்" என்று படம் பிடித்து அனுப்பினார். பார்த்தேன். நாலாவது வரியில் 0–1 என்று இருக்கிறது. எழுத்து மணி மணியாக இருக்கிறது.

இது எப்படி நடக்கக்கூடியது என்று எழுதிவைக்கிறேன். தனிநபர் போட்டிகளில் வெள்ளைக் காய் ஆடுபவரின் புள்ளியை முதலில் எழுதுவது வழக்கம். வெள்ளை ஜெயித்தால் 1–0, கறுப்பு ஜெயித்தால் 0–1. அணிப் போட்டியில் அப்படி இல்லை. எந்தக் காய் ஆடினாலும் உள்ளூர் அணியின் புள்ளிதான் முதலில் வரவேண்டும். ஜெஸிந்தா கறுப்பில் ஜெயித்தாள், ஆகவே 1–0 என்று வரவேண்டியது. கைப்பழக்கத்தில் 0–1 என்று விழுந்திருக்கிறது. மேலே உள்ள மூன்று வரியிலும் எந்த முறையில் எழுதினாலும் ஒன்றுதான், அதனால் தெரியவில்லை. எப்பேர்ப்பட்டவனுக்கும் நேரக்கூடியது. யார் எழுதினது என்பது இப்போது முக்கியமில்லை.

கையெழுத்துப் போட்ட ஞானதுரைக்குக் கண் எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி. தன் அணியின் ஆள் தோற்றது அவருக்குத் தெரியாதா? தெரிந்தே போட்டிருக்கிறார். அந்தச் சிரிப்புக்கு இப்போதுதான் அர்த்தம் விளங்குகிறது.

பிப்ரவரி 28, புதன்

செயலாளர் விதியைச் சொன்னார். "ரெண்டு கேப்டனும் தனித்தனியா எழுதித் தரணும் சார். பிழை எப்பிடி வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு தெளிவா இருக்கணும். கடைசிச் சுத்துக்கு முன்னால தந்தா அணிக்குப் புள்ளி திரும்பிரும். மண்டல அணிக்குப் பேரு இருவதாம் தேதி போயிரும். அதுக்கு முன்னால தந்தியன்னா அந்தப் பிள்ளைக்கும் நல்லது."

யாரால வந்துச்சு என்று எழுதவேண்டுமாம். பத்திரப் பதிவில்கூட இவ்வளவு கேட்பதில்லை.

ஞானதுரையைக் கூப்பிட்டேன். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். திருடன் என்ற வார்த்தையையும் சொன்னேன். "சார், கொஞ்சம் கேளுங்க, நான் ஏற்கெனவே" என்று என்னவோ ஆரம்பித்தார். போனை வைத்துவிட்டேன். திருடனிடம் என்ன பேச்சு?

மார்ச் 2, சனி

கிளப்பில் கூடினோம். கடிதம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். 'முடிவுச் சீட்டில் தவறு நேர்ந்துள்ளது. வருகை தந்த அணியின் கேப்டன் அதைச் சுட்டிக்காட்டத் தவறியுள்ளார்' என்று சுருக்கமாக, கண்ணியமாக எழுதியிருந்தேன்.

சாகுல் வாசித்துவிட்டுத் தாடியைச் சொறிந்தார். "யாரால நேந்துச்சு அண்ணாச்சி? அதத்தான கேக்காங்க?"

"அது லீக்குக்கே தெரியும்."

"தெரிஞ்சத எழுதிக் குடுத்தா என்ன?"

அப்போது பேச்சிமுத்து வாயைத் திறந்தான். வருடத்துக்கு ஒருதடவை திறக்கிற வாய். "சீட்டு எழுதுனது நீங்கதான அண்ணாச்சி."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தறி நூல் அறுந்தால் முடிச்சுப் போடத் தெரிந்தவன் எல்லாம் எனக்கு எழுத்தைப் பற்றிச் சொல்வதா என்று கேட்டேன். ஒரு பத்திர எழுத்தன் நாலு வரிச் சீட்டில் தப்பு எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்தத் தாள் வாட்ஸப்பில் ஊர் சுற்றினால், நாளைக்கு எவன் என்னிடம் வீட்டுப் பத்திரத்தை நம்பிக் கொடுப்பான்? இதை அவர்களிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஜெஸிந்தா டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. கிளம்பும்போது ஒரே வார்த்தை. "இருவதாம் தேதி அண்ணாச்சி."

தெரியும். எனக்குக் காலண்டர் பார்க்கத் தெரியும்.

மார்ச் 3, ஞாயிறு

உள்ளூரில் விருதுநகரோடு ஐந்தாம் சுற்று. 2½–1½, ஜெயித்தோம். நான் தோற்றேன். சாகுலும் ஜெஸிந்தாவும் ஜெயித்தார்கள், பேச்சிமுத்து டிரா. முடிவுச் சீட்டைப் பேச்சிமுத்துவை எழுதச் சொன்னேன். எனக்குக் கை வலி. அவன் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது. எழுதி முடித்ததும் நாலு பேரையும் கூப்பிட்டு வரி வரியாக வாசித்துக் காட்டினான். வேண்டுமென்றேதான் செய்தான்.

மார்ச் 6, புதன்

கடிதம் திரும்பி வந்தது. "யாரால என்பது இல்லை" என்று செயலாளர் பென்சிலால் எழுதியிருக்கிறார். பென்சிலால்!

மார்ச் 10, ஞாயிறு

சிவகாசி. 1½–2½. ஜெஸிந்தா முதல்முறையாக டிரா. ஆறு சுற்று முடிந்துவிட்டது. உள்ளபடி அவளுக்கு ஐந்தரை. பட்டியலில் நாலரை. தூத்துக்குடி நாலாம் போர்டுக்காரனுக்கு ஐந்து. அதாவது பட்டியல் இப்படியே இருந்தால் அவன் போவான், திருத்தினால் இவள் போவாள். என்னுடைய புள்ளியை எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஞானதுரை. அந்த ஆள் ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டால் நான் ஒன்பது வார்த்தை எழுதித் தருவேன்.

மார்ச் 13, புதன்

இரவு தோசை. வடிவு கல்லிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்த நர்ஸ் பிள்ளை ஆஸ்பத்திரில எங்கக்காவுக்கு ஊசி போட்டுது. நல்ல பிள்ளை. ஒங்களப் பத்தி ஒரு வார்த்த கொறையாச் சொல்லல. ஏங்க, அந்தச் சீட்ட எழுதுனது யாரு?"

"அது ஒனக்கு எதுக்கு?"

"இல்ல, பாய் வீட்டம்மா சொன்னாங்க. நீங்க எழுதுனதுன்னா நீங்கதான எழுதிக் குடுக்கணும்? ஒரு வரிதான?"

ஒரு வரியாம். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். பேக்கரியில் ரொட்டி விற்கிறார்களா, ஊர்க்கதை விற்கிறார்களா? அரைவயிற்றோடு படுத்தேன். நான் தள்ளிவைத்த தோசையை வடிவு நாய்க்குப் போட்டாள். அதுவும் எனக்குக் கேட்கிற மாதிரி, அதன் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் போட்டாள்.

மார்ச் 20, புதன்

மூன்று கிரயப் பத்திரம், ஒரு தானப் பத்திரம். ஒன்றிலும் பிழை இல்லை.

மார்ச் 21, வியாழன்

மண்டல அணி அறிவித்துவிட்டார்கள். நாலாம் போர்டுக்குத் தூத்துக்குடிக்காரன்.

சாகுல் கடைக்கு முன்னால் என்னை நிறுத்தினார். முகத்தில் எப்போதும் இருக்கிற கேலி இல்லை. "அந்தப் பிள்ள லீவு எழுதிக் குடுத்து வச்சிருந்துச்சு அண்ணாச்சி. இன்னைக்குப் போயி வேண்டாம்னு வாங்கிக்கிடுச்சாம்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, ஞாயிற்றுக்கிழமைக்குள் கடிதம் போகவில்லை என்றால் கிளப் இறங்கிவிடும், அந்த ஆட்டத்துக்கு அவரும் பேச்சிமுத்துவும் வரப்போவதில்லை என்றார்.

மிரட்டுகிறார்கள். என் கிளப்பில் என்னையே மிரட்டுகிறார்கள். நாளைக்கு நான் கோவில்பட்டி போகிறேன். அந்த ஞானதுரையை அவன் ஆபீஸ் வாசலில் நிற்கவைத்து, நாலு பேர் முன்னால் கேட்டு, அவன் தப்பை அவன் கையாலேயே எழுதி வாங்காமல் திரும்பமாட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

கழுகுமலை வழியாகப் போகிற பஸ். என்னென்ன கேட்கவேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டார். வாய்விட்டுப் பேசியிருப்பேன் போலிருக்கிறது.

தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் ஞானதுரை என்னைப் பார்த்ததும், "வாங்க சார், வெயில்ல வந்திருக்கிய" என்று உள்ளே கூட்டிப்போனார். மருந்து வாடை மூக்கில் ஏறியது. நான் ஆரம்பித்தேன். தெரிந்தே கையெழுத்துப் போட்டீர், ஒரு பெண்ணின் புள்ளியைத் தின்றீர், சிரித்துக்கொண்டே கழுத்தை அறுத்தீர். குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் மூச்சு வாங்க நின்றதும் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார்.

லீக் செயலாளருக்கு அவர் எழுதிய கடிதத்தின் நகல். தேதி பிப்ரவரி 27. பட்டியல் வந்த அன்றே எழுதியிருக்கிறார். 'எங்கள் நான்காம் போர்டு ஆட்டக்காரர் தோற்றார். அவருடைய ஆட்டக் குறிப்பை இணைத்துள்ளேன். சீட்டை வாசிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு. சங்கரன்கோவில் அணிக்கு வெற்றி வழங்கக் கோருகிறேன்.'

"அன்னைக்குப் போன்ல சொல்ல வந்தேன். நீங்க வச்சிட்டிய" என்றார். "செயலாளர் ஒங்க கடிதத்துக்குத்தான் காத்திருக்காரு."

"ஏன் வாசிக்காமப் போட்டீரு?" என்று கேட்டேன்.

"எழுதுதது பத்திர எழுத்தர்லா சார். ஒங்க எழுத்துல பிழையிருக்காதுன்னு நம்பித்தான் போட்டேன்."

அந்த மேசையிலேயே ஒரு தாள் கேட்டு வாங்கினேன். 'சீட்டை எழுதியவன் நான். கறுப்பு வென்றதை 0–1 என்று எழுதியது என் பிழை.' பேனா ஓடவில்லை, ஆனாலும் எழுதினேன். அவரே படம் எடுத்துச் செயலாளருக்கு அனுப்பிவைத்தார். ஐந்து நிமிஷத்தில் பதில். அணிக்குப் புள்ளி திரும்பிவிட்டது. மண்டல அணிக்குப் பெயர் போய்விட்டது, இனி மாற்ற முடியாது.

கிளம்பும்போது ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் கொடுத்தார். ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் என்று நினைத்தேன். கழுகுமலை வருவதற்குள் முழுவதையும் தின்றுவிட்டேன். என்ன மனுஷன் நான்.

மார்ச் 24, ஞாயிறு

கடைசிச் சுற்று, உள்ளூரில் திருநெல்வேலி அணியோடு. 2–2. கிளப் இறங்கவில்லை. நான் தோற்றேன். காற்றாடிமேல் குற்றமில்லை, நான் மோசமாக ஆடினேன். ஜெஸிந்தா ஜெயித்தாள், மற்ற இரண்டும் டிரா.

சாகுல் கேக் கொண்டுவந்திருந்தார். ஜெஸிந்தா தொடவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"இருவதாம் தேதின்னு சொன்னேன்லா அண்ணாச்சி. மூணு வாரம் இருந்துச்சு. அப்பல்லாம் ஒங்க பேனால மை இல்ல. கிளப்பு எறங்கப் போவுதுன்னதும் மறுநாளே பஸ் ஏறிப் போயி எழுதிட்டிய. அப்ப கிளப்புக்குன்னா எழுதுவிய, எனக்குன்னா எழுத மாட்டிய. அப்பிடித்தான?"

"தப்பு என்னுதுதாம்மா" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அன்னைக்கே, நீங்க எழுதும்போதே பக்கத்துல நின்னு சொன்னேன்லா?"

சாகுல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேச்சிமுத்து பார்த்துக்கொண்டிருக்கிறான். திருநெல்வேலிக்காரர்கள்கூடப் படியில் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குக் கேக்கலம்மா. காத்தாடிச் சத்தம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். கேக்கை யாரும் வெட்டவில்லை.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். சாஸ்தா கோவிலுக்குக் கிளம்பவேண்டும். வடிவு புதுப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறாள். விடியற்காலையிலிருந்து என்மேல் எனக்கு வருகிற கோபத்தில் சட்டைப் பொத்தான்கூட ஒழுங்காக மாட்ட வரவில்லை. இதை எழுதிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எழுதியதை நல்ல தாளில் படி எடுத்துக்கொண்டு, போகிற வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கி, ஜெஸிந்தா கையில் கொடுக்கப் போகிறேன். அவள் கிழித்துப் போட்டாலும் சரி. அடுத்த ஜனவரியில் போர்டு வரிசையை யார் எழுதுவது என்பதையும் அவளே சொல்லட்டும்.

நாளது மார்ச் மாதம் 25ஆம் தேதி, சங்கரன்கோவில், பத்திர எழுத்தர் கோமதிநாயகம் ஆகிய நான், அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெஸிந்தா அவர்களுக்கு என் முழு மனதுடன் எழுதிக்கொடுக்கும் பிழைதிருத்தல் பத்திரம் என்னவென்றால்,

என் நாட்குறிப்பில் பிப்ரவரி 11ஆம் தேதிப் பக்கத்தில் 'ஏதோ சொல்ல வந்தாள்' என்று என்னால் எழுதப்பட்டிருப்பது பிழையானபடியால், அதைக் கீழ்க்கண்டவாறு திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது:

'அண்ணாச்சி, நான்லா ஜெயிச்சேன், தோத்ததா எழுதியிருக்கிய' என்று சொன்னாள். நாலாவது வரியில் விரலை வைத்துச் சொன்னாள். அப்போதுதான் தோற்று எழுந்திருந்தேன். வெளியூர்க்காரர்கள் நாலு பேர் முன்னால் என் எழுத்தை நானே அடித்துத் திருத்த மனம் வரவில்லை. செயலாளர் பார்த்துச் சரிசெய்துகொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

மேலும், நேற்றைய தினம் எல்லார் முன்னிலையிலும் 'கேக்கல' என்று நான் சொன்னதும் பிழை. அன்றைக்குக் காற்றாடி சத்தம் போட்டது உண்மை. ஆனாலும் எனக்குக் கேட்டது.